பின்வேலியோரத்து உப்பு

முகைதீன்பாவாவுக்குச் சாய்ந்தமருதில் வைத்திருக்கும் பெயர் நெருப்புப் பாவா. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். ஆள் கொஞ்சம் கோபக்காரர். அவருடைய மோட்டார் சைக்கிள் ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்தால் போதும், "எங்கயாம் எரிஞ்ச?" என்று வேலிக்கு மேலால் தலைகள் முளைக்கும். நெருப்பை அணைப்பது அவர் வேலை இல்லை. அணைத்துவிட்டு எல்லாரும் போன பிறகு, ஈரச் சாம்பலுக்குள் குந்தியிருந்து, இது தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா, எங்கே தொடங்கியது என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. தீயணைப்புப் பிரிவில் குழாய் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தவர். பிறகு கொழும்புக்கு அனுப்பிப் படிப்பித்து இந்த வேலையைக் கொடுத்தார்கள். பொலிஸ் கேட்டாலும் நீதிமன்றம் கேட்டாலும் இந்தக் கரை நெடுக அவர்தான் போகவேண்டும்.

எரிந்த வீட்டு வாசலில் முதலில் காதில் விழுவது "கரண்ட்தான் சேர்" என்ற பேச்சுத்தான். பாவம், இந்த ஊரில் கரண்ட் செய்யாத குற்றம் கிடையாது. அடுப்பை மூட்டிவிட்டு அயல்வீட்டில் கதையளக்கப் போனவளும் கரண்ட் என்பாள், கட்டிலில் கிடந்து சிகரட் குடித்தவனும் கரண்ட் என்பான். முகைதீன்பாவா எல்லாவற்றையும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருமுறை சம்மாந்துறைப் பக்கத்தில் ஒருவர் தன் கடையையும் கடையோடு ஒட்டிய வீட்டையும் தானே கொளுத்திவிட்டு, தலையில் அடித்து அழுதார். வீட்டிலிருந்த பிரிஜ் மட்டும் முதல்நாளே மாமியார் வீட்டுக்குப் போயிருந்தது. "நெருப்பு வரப்போகுதெண்டு உங்கட பிரிஜ்ஜுக்கு மட்டும் ஆரு செல்லின?" என்று கேட்டாராம். அழுகை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கதையை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

அவருக்கென்று ஒரு முறை உண்டு. நன்றாக எரிந்த இடத்தில் முதலில் கால் வைக்கமாட்டார். எரியாத மூலையில் தொடங்கி, கொஞ்சம் கருகிய இடத்துக்கு வந்து, அங்கிருந்து மெல்ல மெல்ல நடுச் சாம்பலுக்குப் போவார். சப்பாத்தைக் கழற்றிவிடுவார். தடியால் கிளறமாட்டார், கையால்தான் தூக்கிப் பார்ப்பார். "என்ன காக்கா, புதையலா தேடுறீங்க?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்ட ஒரு பொலிஸ்காரனுக்கு அன்று விழுந்த ஏச்சைக் கேட்டுப் பக்கத்து மதிலில் இருந்த காகமும் பறந்ததாகச் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்தால் நாச்சியா அவரைக் கிணற்றடிக்குத்தான் அனுப்புவாள். "எத்தின தரம் முழுகினாலும் உங்களுக்குள்ள இருந்து பொகை மணக்கிது" என்பாள். மூத்த மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று. இருந்த வீட்டை இளையவளுக்குக் கொடுத்துவிட்டு, கிழவனும் கிழவியும் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தார்கள். சாப்பிடும்போது யாராவது வாசலில் வந்து, "பாவாக்கா, கொஞ்சம் பாத்து, சாடையா மாத்தி எழுதுங்களன்" என்று இழுத்தால், சோற்றுக் கையோடு எழும்பிப் போய்ப் படலையைத் திறந்துவிடுவார், போகச் சொல்லி. முப்பது வருடத்தில் ஒரு நெருப்புக்கும் பொய்க் காரணம் சொன்னதில்லை என்பது அந்த மனிசனுடைய ஒரே பெருமை. அல்லாஹ் அதில்தான் கை வைத்தான்.

அந்த வருடம் கச்சான் காற்று ஆளைக் காயப்போட்டுவிட்டது. மேற்கே வயல்வெளியைத் தாண்டி வருகிற காற்று அது. துணியையும் உலர்த்தும், தொண்டையையும் உலர்த்தும். அந்தக் காற்றில்தான் மருதமுனையில் முனவ்வறாவின் வீடு எரிந்தது.

முனவ்வறாவின் வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு. முன்னால் ஒரு கூடம், பின்னால் ஓர் அறை. அந்த அறைச் சுவரோடு ஒட்டிக் பின்னிய தென்னோலைக் கிடுகால் மேய்ந்த தறிக்கொட்டில். அதற்கும் பின்னால், மேற்குப் பக்கத்தில், காய்ந்துபோன கிடுகு வேலி. கொட்டிலில் இரண்டு தறி. முனவ்வறா பகலில் சாரன் நெய்வாள். பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு முன்கூடத்தில் அயல்வீட்டுச் சிறுமிகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பாள்.

புருஷன் ஜுனைட் ஓட்டோ ஓட்டுகிறவன். தறியை விற்றுவிட்டுக் கட்டாருக்குப் போகிறேன் என்று அவன் நிற்க, வாப்பாவின் தறியைத் தொடவிடமாட்டேன் என்று இவள் நிற்க, வார்த்தை வளர்ந்துவிட்டது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. சண்டை வந்தால் பெட்டியைத் தூக்குகிறவன் ஆண்தான். ஜுனைடும் தூக்கினான். தூக்கியவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா? சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் நிறைந்திருக்க, "அந்தக் கொட்டிலக் கொளுத்திப்போட்டுத்தான் நான் கட்டாருக்குப் போவன்" என்று கத்தினான். கோபத்தில் வாயில் வந்த பேச்சு. கேட்டவர்கள் ஒருவரும் அதை மறக்கவில்லை.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, அம்ஹா. அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

எரிந்த அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு ஜுனைட் பிள்ளையைப் பார்க்க வந்தான். முற்றத்தில் நின்று கொஞ்ச நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டுப் போனான். மஃரிப் நேரத்தில் அவன் பின் ஒழுங்கையில் நின்றதைக் கண்டவர்கள் இருந்தார்கள். இரவுத் தொழுகைக்கு இஷா பாங்கு சொல்லும் முன்னே கொட்டில் எரிந்தது. கூடத்தில் சிறுமிகள் சத்தமாக ஓதிக்கொண்டிருந்தார்கள். புகை மணத்தை முனவ்வறா யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்தாள். வெளியே ஆட்கள் கத்தியபோது நடுக்கதவைத் திறந்தாள். பின்னறை முழுக்கப் புகை. அந்த அறையில்தான் அம்ஹா ஏணைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு நல்ல காற்று வரட்டும் என்று உம்மாவேதான் அங்கே கிடத்தியிருந்தாள்.

சிறுமிகள் எல்லாரும் தப்பினார்கள். முனவ்வறாவின் இரண்டு கையும் முழங்கை வரை வெந்தது. அம்ஹா மௌத்தாகிவிட்டாள். யா அல்லாஹ், அந்தச் சின்ன ஜனாஸாவைத் தூக்குவதற்கு நான்கு பேர் தேவைப்படவில்லை. ஒருவர் கையில் ஏந்திக்கொண்டு மையவாடிக்கு நடந்தார். அது வாப்பாவின் கையாக இருந்திருக்கவேண்டும். வாப்பாவை விடியும் முன்னரே பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. முனவ்வறாவின் கூடப்பிறந்த காக்கா றிஸ்மி பொலிஸில் போய், "அவன்தான் வெச்ச, ஊரே சாட்சி" என்று சொல்லியிருந்தான். பெற்ற பிள்ளையைக் கொளுத்தியவன் என்று ஊர் காறித் துப்பியது. மறியல் சிறையில் அவனோடு கிடந்தவர்களும் அவனுக்குப் பக்கத்தில் படுக்க மறுத்தார்களாம்.

முகைதீன்பாவா அங்கே போனபோது சார்ஜன்ட் நல்லரெத்தினம் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் உருகி நெளிந்த மண்ணெண்ணெய்க் கான்.

"காக்கா, இது கொட்டிலுக்குள்ள கிடந்தது. இதுக்கு மேல என்ன வேணும்? நீங்க ஒரு சொல்லு எழுதினாச் சரி."

முகைதீன்பாவா கானை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார்ஜன், மூடி பூட்டினபடியே உருகி ஒட்டியிரிக்கி. எண்ணெய ஊத்தினவன் கானை மூடி, திரும்ப எடுத்த இடத்திலயே வெச்சிட்டா போவான்?"

"பதட்டத்தில மூடியிருப்பான்."

"பதட்டத்தில மூடுறவன நான் இன்னும் காணல்ல" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார்.

கூடத்தில் தொடங்கினார். கூடம் புகை மட்டும் குடித்திருந்தது. பின்னறையில் கிழக்குச் சுவர் கறுத்திருந்தது, மேற்குச் சுவர் வெடித்திருந்தது. ஏணை கட்டியிருந்த கொக்கியை அண்ணாந்து பார்த்தார். பிறகு பார்க்கவில்லை. கொட்டிலுக்குள் தறிக் கட்டைகள் எல்லாம் மேற்குப் பக்கத்தில்தான் அதிகம் தின்னப்பட்டிருந்தன. ஆக, நெருப்பு உள்ளே தொடங்கவில்லை. வேலியில் இருந்து வந்திருக்கிறது. வேலிக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் மூன்று கம்புகள் அடியோடு இல்லை. மண்ணுக்குக் கீழும் வெந்திருந்தது. கிடுகு பறக்காமல் கொட்டில் கூரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு தகரம் அங்கே விழுந்து கவிழ்ந்து கிடந்தது. தீயணைப்புக்காரர் அடித்த தண்ணீர் அதன் மேலேதான் ஓடியிருந்தது. அவர் தகரத்தைத் தூக்கினார்.

கீழே மண் காய்ந்திருந்தது. அதில் தேங்காய்ச் சிரட்டைக் கரி சில துண்டு, கருகிய இரண்டு மிளகாய்க் காம்பு, ஒரு பிடி கல்லுப்பு.

அவர் அந்த இடத்திலேயே குந்திவிட்டார். படிப்பித்த கொழும்பார் இதைப் பார்த்தால் உப்பு என்று எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். இந்த ஊரில் உம்மா வயிற்றில் பிறந்தவனுக்கு அது என்ன என்று யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. பிள்ளையில் கண்பட்டால், காய்ந்த கொச்சிக்காயையும் உப்பையும் கைக்குள் பொத்திப் பிள்ளையின் தலையைச் சுற்றி, சிரட்டைத் தணலில் போட்டுக் கண்ணூறு கழிப்பார்கள். மௌலவிமார் பள்ளியில் எத்தனை தரம் வேண்டாம் என்று சொன்னாலும், பிள்ளை சிணுங்கினால் உம்மாமாரின் கை அடுப்படிக்குத்தான் போகும். வெடித்து முடிந்ததும் அந்தத் தணலை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். கொட்டியவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கழிந்த கண் கூடவே வீட்டுக்குள் வந்துவிடும்.

"என்ன காக்கா கண்டீங்க?" என்று நல்லரெத்தினம் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டார்.

"இன்னும் ஒண்டும் முடியல்ல. கொஞ்சம் பொறுங்க" என்றார் முகைதீன்பாவா. கையால் உப்பை அள்ளிப் பைக்குள் போடும்போது அவருக்கு மண்ணெண்ணெய் மணம் வராதா என்றிருந்தது. மண்ணெண்ணெயாக இருந்திருந்தால் ஒரு கெட்டவன்தான் காரணம். கோபப்பட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னலாம்.

மறுநாள் முனவ்வறாவைப் பார்க்கப் போனார். றிஸ்மியின் வீட்டில் ஒரு பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள், இரண்டு கையிலும் துணிக்கட்டு. அழுது அழுது கண் வற்றிப்போயிருந்தது. முகைதீன்பாவா கதவடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"மகள், வீட்ட பாத்தன். ஒண்டு கேக்கணும். அண்டைக்குப் புள்ளைக்குக் கண்ணூறு கழிச்சதா?"

"ஓம் மாமா." அவள் நிமிர்ந்தாள். யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று இருந்தவள் போல வேகமாகக் கதைத்தாள். "கழிக்காம எப்படி? அவர் வந்து தூக்கினார். 'என்ட புள்ள என்ன வடிவு, ராசாத்தி மாதிரி' எண்டார். ஒரு மாஷா அல்லாஹ் செல்லல்ல மாமா. புள்ளையப் புகழ்ந்தா மாஷா அல்லாஹ் செல்லணும் எண்டு தெரியாதா? அவர் போனதும் புள்ள சிணுங்கத் தொடங்கிட்டா. அப்பவே நினைச்சன். கொச்சிக்காய் போட்டா ஒரு காறலும் வரல்ல. அவ்வளவு கண். அந்தக் கண்தான் மாமா, என்ட புள்ளையத் திண்ட. நெருப்பும் வெச்சி, கண்ணும் வெச்சி..."

"தணல எங்க மகள் கொட்டின?"

"மஃரிப் நேரம். முன்னால ஆம்புளயள் பள்ளிக்குப் போய்க்கிட்டிருந்தாங்க. அதால பின்வேலிப் பக்கம் கொட்டின. ஒழுங்காத்தான் செய்தன் மாமா. திரும்பிப் பாக்கவே இல்ல. ஒரு தரம்கூட நான் திரும்பிப் பாக்கல்ல."

அதைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். செய்யவேண்டியதை எல்லாம் ஓர் உம்மா சரியாகச் செய்தாள் என்று யாராவது சொல்லவேண்டும் அவளுக்கு. முகைதீன்பாவா "ஓம் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். வாசலில் றிஸ்மி, "அவனுக்குத் தூக்குத்தானே சேர் கிடைக்கும்?" என்று கேட்டான். அவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். சந்தி தாண்டிய பிறகுதான் ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்ற நினைப்பு வந்தது.

வீட்டில் நாச்சியாவிடம் சொன்னார். வேலைக் கதையை அவளிடம் அவர் வழமையாகச் சொல்கிறதில்லை. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டாள்.

"நானும் அப்பிடித்தானே கொட்டின" என்றாள். "நம்மட ரெண்டு புள்ளைக்கும், எத்தின தரம். இந்த வேலியிலதான். ஒருநாளும் திரும்பிப் பாக்கல்ல. நம்மட வேலி எரியல்ல, அவ்வளவுதான். நான் அவள விட என்னத்தக் கெட்டித்தனமாச் செய்தன்?"

"எனக்குத் தெரியும் நாச்சியா."

"அப்ப எழுதாதீங்க. கரண்ட் எண்டு எழுதிட்டு வாங்க. ஊரெல்லாம் கரண்ட் எண்டுதானே செல்லுது."

"வயர் ஒண்டும் பத்தல்ல. இன்னொருத்தன் வந்து பாத்தா அரைமணித்தியாலத்தில சொல்லிப்போடுவான். பிறகு என்ட சொல்லுக்கும் மதிப்பில்ல, அவனும் வெளிய வரமாட்டான். கொலைக் கேசு நாச்சியா, அவன்ட தலையில கிடக்கிறது."

"அப்ப அவள்?" என்றாள் நாச்சியா. கண்ணைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தாள். "அவன் வெளிய வருவான். அவள் எங்கயால வெளிய வாற?"

அன்று அந்த வீட்டில் மீன் சட்டிக்குப் போகவில்லை.

வழக்கு நாளில் ஜுனைடை நீதிமன்றத்துக்குக் கொண்டு வந்திருந்தார்கள். நல்லரெத்தினத்திடம் சொல்லி, பின்பக்கத்துக் கூண்டில் அவனோடு கொஞ்சம் கதைக்க இடம் வாங்கினார். தாடி வளர்ந்து, கண் உள்ளே போய், ஆளையே அடையாளம் தெரியவில்லை.

"மனே, நான்தான் நெருப்புப் பார்க்கிற ஆள். நீ வைக்கல்லயெண்டு எனக்குத் தெரியும்."

ஜுனைட் சந்தோஷப்படவில்லை. பயந்துபோய்க் கம்பியைப் பிடித்தான். "என்ன கண்டீங்க மாமா?"

"வேலியோரம். சிரட்டைத் தணல், உப்பு."

அவன் கம்பியில் நெற்றியை வைத்தான். பிறகு மெல்லக் கதைத்தான்.

"எனக்கும் தெரியும் மாமா. முன்வாசலில புள்ளையக் குடுத்திட்டு வந்தாலும் கால் போகல்ல. பின் ஒழுங்கையில வேலிக்கு வெளிய நிண்டன், புள்ளைட சத்தத்தக் கேட்டுட்டுப் போவம் எண்டு. முனவ்வறா சட்டியோட வந்தா. நான் பதுங்கிட்டன். கொட்டிட்டுப் போனா. என்ட கண்ணத்தான் கழிக்கிறா எண்டு எனக்கு விளங்கிச்சு. பெத்தவன்ட கண்ணையும் கழிக்கிறாளே எண்டு அவ்வளவு கோவம். விறுவிறெண்டு போயிட்டன்." அவன் மூக்கை உறிஞ்சினான். "நானும் திரும்பிப் பாக்கல்ல மாமா. வேலிக்கு இஞ்சால ஒரு அடியில நிண்டவன் நான். காலால மண்ணத் தள்ளியிருந்தா அணைஞ்சிருக்கும்."

"இத ஏன் மனே பொலிசுக்குச் செல்லல்ல?"

"செல்லி? அவ உசிரோட இருப்பாளா? நான் வெச்ச எண்டு இருந்தா, என்னைத் திட்டித் திட்டியாவது இருப்பா. திட்டட்டும். நீங்க எழுதாதீங்க மாமா. உங்கட காலப் புடிச்சிக் கேக்கிறன், நான் வெச்சதாவே இருக்கட்டும்."

எத்தனையோ பேர் எழுதாதீங்க என்று அவரிடம் கேட்டிருக்கிறார்கள், எல்லாரும் தங்களைக் காப்பாற்றத்தான் கேட்டார்கள். இவன் ஒருவன்தான் தன்னை உள்ளே போடச் சொல்லிக் கேட்டான். முகைதீன்பாவா கம்பிக்குள்ளால் கையை விட்டு அவன் தலையைத் தடவினார். "ஏலாது மனே" என்றார். "நீ அவட புள்ளையக் கொலை செய்தவன் எண்டு அவ சாகுமட்டும் நினைக்கிறதும் ஒரு நெருப்புத்தான். அத நான் வைக்க ஏலா."

வழக்கைத் தள்ளி வைத்துத் தவணை போட்டார்கள். அறிக்கை அடுத்த தவணைக்குக் கொடுக்கவேண்டும். அன்று நீதிமன்றத்தில் ஊர் கூடியிருக்கும் இடத்தில், யாரோ ஒரு லோயர் வாசிக்க, முனவ்வறா அதைக் கேட்கக்கூடாது என்று அவர் முடிவு செய்தார். வேறு எதையும் அவரால் அவளுக்குச் செய்யமுடியாது. இதையாவது செய்யலாம்.

ஒரு காலை நேரம், நாச்சியாவையும் கூட்டிக்கொண்டு போனார். முனவ்வறாவின் கைக்கட்டு அவிழ்ந்து, தோல் இளஞ்சிவப்பாக இழுத்துப் பிடித்திருந்தது. நாச்சியா போய் அவளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து தோளில் கை போட்டாள். முகைதீன்பாவா இந்தத் தரம் கதிரை கேட்கவில்லை, தரையில் உட்கார்ந்தார்.

"மகள், ஜுனைட் வைக்கல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை அவர் கண்டார். அதைத்தான் அவர் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை. "அவர் வைக்கல்லயா?" என்றாள். "உண்மையாவா மாமா? அல்ஹம்துலில்லாஹ். என்ன இருந்தாலும் பெத்த புள்ளைக்கு எப்படி எண்டு நானும்... அப்ப ஆரு?"

"ஆரும் வைக்கல்ல மகள். கச்சான் காத்து. பின்வேலியோரத்தில தணல் கிடந்திரிக்கி. கிடுகில புடிச்சிட்டு."

"தணலா? அது எப்படி அங்க..."

அவள் நிறுத்தினாள். நாச்சியாவின் கை அவள் தோளை இறுக்கியது. முனவ்வறா தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தாள். றிஸ்மி கதவடியில் வந்து நின்றவன், என்ன என்று கேட்க வாயெடுத்து, தங்கச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவள் கத்துவாள், தலையை மோதுவாள் என்று முகைதீன்பாவா நினைத்து வந்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. சின்னப் பிள்ளை கேட்பது போல ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நான் திரும்பிப் பாத்திருந்தா... தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்கும். காற்றுக்கு முகம் கொடுத்துக் கிடந்த சிரட்டைத் தணல். நாலடி நடந்து திரும்பியிருந்தால் கிடுகின் அடியில் சிவப்பாக ஓடுவதைக் கண்டிருப்பாள். ஒரு செம்புத் தண்ணீர் போதும். முகைதீன்பாவாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

"இல்ல மகள்" என்றார். "மண்ணுக்குள்ள அமுங்கிக் கிடந்து, நேரம் போய்த்தான் பத்தியிரிக்கி. நீ நூறு தரம் திரும்பிப் பாத்திருந்தாலும் ஒண்டும் தெரிஞ்சிருக்காது. எத்தின நெருப்புப் பாத்தவன் நான். என்ட சொல்ல நம்பு."

முனவ்வறா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பொய் செல்லமாட்டீங்க எண்டு எல்லாரும் செல்லுவாங்க" என்றாள்.

"ஓம் மகள்" என்றார் அவர். நாச்சியா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த தவணையில் ஜுனைடை விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் நேரே மையவாடிக்குப் போனான். சின்ன மண்மேட்டை அவனுக்கு றிஸ்மிதான் காட்டினான். காட்டிவிட்டு ஜுனைடின் காலடியில் குந்தி அழுதான். ஜுனைட் இப்போது மறுபடி மருதமுனையில்தான் இருக்கிறான். எரிந்த பின்னறையைக் கல்லால் கட்டிக் கொடுத்தான். பின்வேலியைப் பிடுங்கி மதில் எழுப்பினான். கட்டார்ப் பேச்சு நின்றுவிட்டது. முனவ்வறாவோடு ஒரே வீட்டில் இருக்கிறான், ஒரே கோப்பையில் சோறு சாப்பிடுகிறான் என்று சொல்கிறார்கள். இருவரும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கதைப்பதில்லை.

முகைதீன்பாவா அந்த வருடமே வேலையை விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்றார். எரிந்த இடத்தில் குந்தமுடியாது என்று சொன்னதை ஊர் நம்பியது. நாச்சியா நம்பவில்லை.

போன மாதம் கல்முனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றவர் முனவ்வறாவைக் கண்டார். கையில் பையோடு தனியாக நடந்து போனாள். நாலடி வைத்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றும் இல்லை. சனங்கள், ஓட்டோக்கள், மீன் பெட்டிகள். மறுபடி நடந்தாள். நாலடி வைத்தாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். சந்தைக்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது, யாரும் நிமிரவில்லை. அவள் அடுத்த தரம் திரும்பும் முன்னே முகைதீன்பாவா தேங்காய்க் குவியலுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றுகொண்டார்.